பால்மரத்தை விறகாக்குவது எப்படி?

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் உள்ள நிலத்தில் சாய்த்த கிழட்டுப் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) பொங்கலுக்கும் விருந்துச் சமையலுக்கும் விறகாக்கலாமா, எவ்வளவு காலம் காய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆக்கலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பால்மரக் கட்டையில் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால், பட்டையோடு ஈரமண்ணில் கிடந்தால் விரைவிலேயே நீலப் பூஞ்சணம் படர்ந்து, பிறகு வண்டு துளைத்து, தட்டினால் மாவு கொட்டும் அளவுக்கு உளுத்துவிடும்.

ஆகவே வெட்டிய வாரத்திலேயே 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்தில் அறுத்துப் பிளந்துவிடுங்கள். துண்டத்தை முழங்கால் உயர அடிக்கட்டைமேல் நிறுத்தி, அதன் முகத்தில் தெரியும் வெடிப்பின் போக்கிலேயே கோடரியை இறக்க வேண்டும். கணு உள்ள துண்டத்தை நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிளப்பது நல்லது.

அடுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். பினாங்கின் ஈரக்காற்றில் விறகை உலர்த்துவது வெயிலைவிடக் காற்றோட்டமே என்பது என் அனுபவம். ஒருமுறை மழைக்குப் பயந்து அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் போர்த்திவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது வெள்ளைப் பூஞ்சணமே மிஞ்சியது. செங்கல்மேல் இரண்டு கழிகளைக் கிடத்தி, அதன்மேல் ஒற்றை வரிசையாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள்.

தைப்பொங்கலுக்கு வேண்டுமானால் ஜூலைக்குள் பிளந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விறகே அதிகப் புகையின்றி எரியும். இரண்டு துண்டுகளை மோதினால் ‘டங்’கென ஒலிப்பது காய்ந்தது, ‘பொத்’தென அடங்குவது ஈரமானது.