எந்தப் புதுப்பட்டி?

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் ஆசிரியராக இருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் முதல் தடவையாகக் குடும்பத்தோடு இந்தியா போக நினைத்திருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எழுபத்தொரு வயது அம்மா. கையில் எட்டு நாள். பிள்ளைகளுக்குச் சென்னை பார்க்க வேண்டும். அம்மாவுக்கோ தன் தாத்தாவின் ஊருக்குப் போய், குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து வர வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது 'திருச்சி சில்லா, புதுப்பட்டி' என்பது மட்டும்தான். தோட்ட வேலைக்கு வந்தபோது தாத்தாவுக்குக் கொடுத்த தகர டிக்கெட் வீட்டில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ச., பொகவந்தலாவை

அன்புள்ள ச.,

டிக்கெட் எடுக்குமுன் ஊரைக் கண்டுபிடியுங்கள். விசாவையும் விமானத்தையும் சில வாரங்களில் முடித்துவிடலாம். ஊர் அப்படியல்ல. போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் எட்டில் மூன்று நாள் வாடகைக் காரிலேயே போய்விடும். பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் முழுவதும் வெயிலாகத்தான் நினைவிருக்கும்.

தகர டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் அதில் ஊரைத் தேடாதீர்கள். அதில் பொறித்திருப்பது ஆள் போய்ச் சேரவேண்டிய தோட்டத்துக்கான எண். புறப்பட்ட ஊர் அதில் இல்லை.

புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள். 'திருச்சி சில்லா'வும் இன்று ஒரே மாவட்டமில்லை. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் அதிலிருந்து பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், பிறகு திருச்சியோடு சேர்ந்து, 1974-இல் தனி மாவட்டமானது. ஆகவே இந்த ஐந்து மாவட்டங்களிலும் தேட வேண்டும். தாலுகா பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனுவின் நகல், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தக் காலத்தில் எடுத்த இந்தியப் பாஸ்போர்ட், உறவினருக்கு வந்த பழைய தபால் உறைகள், எதுவானாலும் சரி. ஆங்கில எழுத்தை நம்பாதீர்கள், அது கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அம்மாவிடமும் "நம்ம ஊர் எது?" என்று கேட்டால் புதுப்பட்டி என்றுதான் பதில் வரும். முதல் முடி எந்தச் சாமிக்கு இறக்கினார்கள், எந்தச் சந்தைக்கு நடந்து போனதாகத் தாத்தா சொன்னார், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வந்த பெரிய கங்காணி எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். அதனால் கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் பக்கத்தில்தான் இருக்கும். குலசாமி பெயரும் சந்தைப் பெயரும் பொருந்துகிற புதுப்பட்டிகள் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்காது. பேச்சை போனில் பதிவு செய்யுங்கள், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும்.

பலர் விட்டுவிடும் வழி ஒன்று உண்டு. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அப்படிப் போனவர்களில் கணிசமானோர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்காகவே 1968-இல் அங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கூடலூரிலோ கோத்தகிரியிலோ பெரியம்மா பிள்ளைகள் யாராவது இருந்தால் முதலில் அவர்களுக்குப் போன் போடுங்கள். பூர்வீக ஊரை ஒரு தடவையாவது அவர்கள் தேடிப் போயிருக்கக்கூடும்.

பயண ஏற்பாடு எளிது. திருச்சியில் இறங்கி சென்னையிலிருந்து திரும்புங்கள், வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். இ-விசாவில் எல்லா விமான நிலையத்திலும் இறங்க முடியாது, இந்த இரண்டிலும் முடியும். பிள்ளைகளுக்கும் தனித்தனியே பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். விண்ணப்பத்தில் தந்தை பெயர், சொந்தப் பெயர் இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து என்று இருப்பதால் தடங்கல் வருவது இங்கேதான். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்களும் இருக்கின்றன, முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா பாருங்கள். திருச்சி-சென்னை ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும். டிசம்பர் கடைசியில் அங்கேயும் பள்ளி விடுமுறை, தாமதித்தால் இடம் கிடைக்காது.

ஊருக்குப் பக்கத்தில் சின்ன லாட்ஜில் தங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிய வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து, பாஸ்போர்ட்டைக் கண்டதும் அறை இல்லை என்பார்கள். திருச்சியிலேயே தங்கி, காலையில் காரில் போய் இரவுக்குள் திரும்புங்கள். காருக்குக் கிலோமீட்டர் கணக்கும் டிரைவர் பேட்டாவும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். ஊருக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், முதல் நாள் விசாரிக்க, மறுநாள் கும்பிட. எட்டு நாளும் கோயிலாகிவிட்டால் பிள்ளைகள் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

ஊரில் முதல் வாக்கியமே "சாமி கும்பிட வந்தோம்" என்பதாக இருக்கட்டும். இத்தனை வருடம் கழித்து வந்தால், பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் பங்காளிக்கு வருவது இயல்பு. பத்திரம், பட்டா என்ற சொற்களையே எடுக்காதீர்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்று சாதியையும் நேருக்கு நேர் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அது அதிர்ச்சியாக இருக்கும், முன்பே சொல்லி வையுங்கள். கையில் நம் தேயிலைப் பைக்கட்டு பத்துப் பன்னிரண்டு இருக்கட்டும். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

பிடிமண் மட்டும் முடியாது. தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் இலங்கைக்குள் மண் கொண்டுவரக்கூடாது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிபட்டால் அம்மா கண்ணெதிரிலேயே அதை வாங்கிக்கொள்வார்கள். பூசாரியிடம் திருநீறு கேளுங்கள். கோயிலில் வைத்துக் கும்பிட்ட சின்ன வேல் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வேல் கைப்பையில் இருக்கக்கூடாது, முனை கூரானது. பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள்.