பாறை, வரைபடம், ஆராய்ச்சி: புவி சார்ந்த படிப்புகளில் கல்லூரி வேலைக்குப் போக விரும்புவோருக்குக் கேள்வி பதில்

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன், முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருக்கிறேன். புவி சார்ந்த படிப்பு படித்துவிட்டு கல்லூரி ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கீழே புவியியல் என்று வருவது ஜியாகிரபி, நிலவியல் என்று வருவது ஜியாலஜி.

பிளஸ் டூ மாணவர், அரியலூர்: சார், எனக்குப் பாறை, புதைபடிவம் என்றால் உயிர். வீட்டில் புவியியல் எடுத்தால்தான் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவும் என்கிறார்கள். எதை எடுப்பது?

தம்பி, பாறை பிடிக்கும் என்றால் நிலவியலே எடுங்கள். சிவில் சர்வீஸ் தேர்வில் விருப்பப் பாடமாகப் புவியியலும் இருக்கிறது, நிலவியலும் இருக்கிறது. எந்தப் பட்டம் பெற்றவரும் எதையும் எடுக்கலாம். அதனால் அந்தக் காரணத்துக்காகப் படிப்பை மாற்ற வேண்டியதில்லை.

வீட்டில் வேறு ஒன்றைப் பேசுங்கள். புவியியல் பள்ளிப் பாடம் என்பதால் பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் வேலைக்கு வழி உண்டு. நிலவியல் பள்ளியில் இல்லை. அதற்குப் பதிலாக 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வகம், அதாவது ஜி.எஸ்.ஐ., இருக்கிறது, மத்திய நிலத்தடி நீர் வாரியமும் இருக்கிறது. இரண்டுக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு வழியாகப் போகலாம். கல்லூரி வேலை தள்ளிப் போனாலும் கைவசம் இன்னொரு வழி இருக்கும்.

நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்கு ஒரு கொடை. பல கல்லூரிகளின் நிலவியல் மாணவர்கள் பஸ் ஏறி உங்கள் பக்கம்தான் களப்பயிற்சிக்கு வருகிறார்கள். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் போனால் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலடிக் களிமண் ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கும், அதில் ஜிப்சம் நரம்பு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். புதைபடிவம் கண்ணில் பட்டால் உடனே பெயர்த்தெடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், எந்த அடுக்கில் இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இடம் தெரியாத புதைபடிவத்தால் ஆராய்ச்சிக்குப் பெரிய பயன் இல்லை.

இளங்கலை புவியியல் மாணவி, சேலம்: எம்.எஸ்சி.க்கு ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (வரைபடத் தரவுகளைக் கணினியில் ஆராயும் படிப்பு) சேரலாம் என்றிருக்கிறேன். பிறகு புவியியல் துறையிலேயே உதவிப் பேராசிரியர் ஆக முடியுமா சார்?

சேர்வதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. நம் துறையில் நல்ல பிள்ளைகள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உதவிப் பேராசிரியர் பணிக்கு "சம்பந்தப்பட்ட அல்லது தொடர்புடைய பாடத்தில்" 55 விழுக்காட்டோடு முதுகலை வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதி சொல்கிறது. தொடர்புடைய பாடம் எது என்பதில்தான் சிக்கல். ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது), பேரிடர் மேலாண்மை, புவித் தொழில்நுட்பம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பெயர் வைக்கிறது. பாடத்திட்டத்தில் பாதி புவியியலாகவே இருக்கும். ஆனாலும் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பட்டத்தின் பெயரையும், அது புவியியல் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையையும்தான் பார்ப்பார். அரசாணை இல்லையென்றால் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, கட்டுரைகள் எல்லாம் இருந்தும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

அதனால் ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் எம்.எஸ்சி. புவியியல் என்றே பெயருள்ள பட்டத்தில் சேருங்கள். ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறை, தொலையுணர்வு இரண்டையும் விருப்பப் பாடமாகவும் திட்டக் கட்டுரையாகவும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். தனியார் வேலையும் சரி என்றால் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் நல்ல படிப்பு, தயங்க வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்று தங்கள் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

முதுகலை மாணவர், திருச்சி: நெட் எழுதுவதா, நேராகப் பிஎச்.டி. சேர்வதா? உதவிப் பேராசிரியர் ஆகப் பிஎச்.டி. கட்டாயம் என்கிறார்களே?

நெட் எழுதுங்கள். பல்கலைக்கழகத் துறைகளில் பிஎச்.டி. கட்டாயம் என்று 2018 விதிமுறையில் வந்தது உண்மை. அதை நடைமுறைப்படுத்துவது தள்ளிப் போய், 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி என்று திருத்திவிட்டார்கள். ஆனால் நேர்முகத்தில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பிஎச்.டி. முடித்தவராக இருப்பார். அதையும் மனத்தில் வையுங்கள்.

புவியியல்காரர்களுக்கு யு.ஜி.சி. நெட்டில் புவியியல் தாள் இருக்கிறது. நிலவியல்காரர்களுக்கு, அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் புவி, வளிமண்டல, பெருங்கடல், கோள் அறிவியல் தாள். இந்த இரண்டாவது தாளைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அதன் மூன்றாம் பகுதியில் 80 கேள்விகள், எழுத வேண்டியது 25 மட்டும். நிலவியல், இயற்கைப் புவியியல், புவி இயற்பியல், வானிலை, பெருங்கடல் என்று கேள்விகள் பிரிந்திருக்கும். உங்கள் பகுதியை ஆழமாகப் படித்தால் போதும். இயற்கைப் புவியியலில் ஊறிய எம்.எஸ்சி. புவியியல் மாணவர்களும் இதை முயன்று பார்க்கலாம். யு.ஜி.சி. நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், இதில் குறைப்பார்கள்.

நெட்டில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். களப்பணிக்குக் கையை ஏந்தாமல் ஆராய்ச்சி செய்ய முடிவதே பெரிய விடுதலை.

பிஎச்.டி. சேரக் காத்திருப்பவர், சென்னை: நல்ல தலைப்பா, நல்ல பல்கலைக்கழகமா, நல்ல கைடா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

கைடு. அப்புறம் ஆய்வகம். தலைப்பு கடைசி.

ஒருவரிடம் சேருமுன் அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பதிவு செய்து ஆறு ஏழு ஆண்டாகியும் ஆய்வேட்டைத் தராமல் நான்கைந்து பேர் நிற்கிறார்கள் என்றால் உங்களுக்கும் அதே கதிதான். இப்போது அவரிடம் இருக்கும் மாணவரைத் தனியாகப் பார்த்து டீ குடித்துக்கொண்டே மூன்று விஷயம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? களப்பயணச் செலவு யாருடையது? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தயங்கினால் வேறு கைடைத் தேடுங்கள்.

ஆய்வகத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன விஷயம். பாறையை நுண்ணோக்கியில் பார்க்க அதை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். பாறைத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, கார்போரண்டம் தூள் போட்டு, தண்ணீர் விட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே திசையில் மட்டும் அதிரும் முனைவாக்கிய ஒளியில் குவார்ட்ஸ் கனிமம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கனம் சரி. மஞ்சள் அடித்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் மொத்தமும் கரைந்து போகும். இதைக் கை பழகிச் செய்யும் ஒருவர் துறையில் இருக்கிறாரா என்பது, வாசல் பலகையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்பதைவிட முக்கியம். அவர் ஓய்வு பெற்று, அந்த இடம் நிரப்பப்படாமல், மாணவர்கள் மாதிரிகளைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேதனையான விஷயம் அது.

பல்கலைக்கழகம் மட்டுமே வழி என்று நினைக்காதீர்கள். ஹைதராபாத்தின் புவி இயற்பியல் நிறுவனமான என்.ஜி.ஆர்.ஐ., டேராடூனின் வாடியா இமாலய நிலவியல் நிறுவனம், கோவாவின் கடலியல் நிறுவனமான என்.ஐ.ஓ., திருவனந்தபுரத்தின் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் எல்லாவற்றிலும் பிஎச்.டி. செய்யலாம். கருவி வசதி அங்கே பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

முதுகலை நிலவியல் மாணவி, நாமக்கல்: களப்பணிக்குப் பெண் எப்படித் தனியாகப் போவாள் என்று அப்பா விடமாட்டேன் என்கிறார். என்ன சொல்வது சார்?

தனியாகப் போகக் கூடாது என்று அப்பா சொல்வது சரிதான். ஆணும் தனியாகப் போகக் கூடாது. குவாரி விளிம்பில் கால் இடறினால் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். குறைந்தது இரண்டு பேர், துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், போகும் இடம் எழுதிய தாள் துறையில் ஒன்று வீட்டில் ஒன்று. தோட்டத்துக்குள் இறங்குமுன் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். சுத்தியலும் பையுமாகப் பார்த்ததும் கிரானைட் குவாரிக்கு ஆள் வந்துவிட்டது என்று ஊரில் பயந்துபோவார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் அவர்களே மோர் கொடுத்துக் கூட வந்து பாறை காட்டுவார்கள்.

கழிப்பறை வசதியை வாய்விட்டுக் கேளுங்கள். அதைப் பயணத் திட்டத்தில் சேர்க்க வேண்டியது நெறியாளரின் கடமை. இதைக் கேட்கக் கூசி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகள் இன்னும் இருக்கிறார்கள். அது மாறியே ஆக வேண்டும்.

முடிந்தால் அப்பாவை ஒருநாள் சித்தம்பூண்டிக்கு அழைத்துப் போங்கள், உங்கள் மாவட்டம்தானே. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 தரையிறங்குகலத்தைச் சோதிக்க அந்தப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண் போன்ற மண் தயாரித்தது. மகள் என்ன படிக்கிறாள் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

ஆய்வு மாணவர், மதுரை: செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறதே, களத்துக்குப் போகாமலே ஆய்வேட்டை முடிக்கலாமா?

முடிக்கலாம். நல்ல ஆய்வேடாக இருக்காது. அமெரிக்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், ஐரோப்பிய சென்டினல் படங்கள் இலவசம், வரைபட மென்பொருள் கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம். அதனால் நிலப்பயன்பாட்டு வரைபடத்தை இன்று யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். ராமநாதபுரத்தில் ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். கணினி அதை அடர்த்தியான பச்சை என்று பார்த்துப் பயிர் அல்லது காடு என்று வண்ணம் அடித்துவிடும். கரையில் ஏறி நின்று பார்த்தவருக்குத்தான் அது நீர்நிலை என்று தெரியும். நேர்முகத்தில் கேட்கப்படுவதும் இதுதான்: எத்தனை இடத்தில் சரிபார்த்தீர்கள், எப்போது போனீர்கள், கோடையா மழைக்குப் பிறகா?

அதே மாணவர்: பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மெயில் வருகிறது. போடலாமா?

வேண்டவே வேண்டாம். 2022 பிஎச்.டி. விதிமுறையில் கட்டுரை வெளியீட்டை யு.ஜி.சி. கட்டாயமாக்கவில்லை, ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், உங்களுடையதைப் பாருங்கள். பின்னாளில் உங்கள் பெயரைத் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கட்டுரையாக இருந்தால் அதை அழிக்கவே முடியாது.

முதுகலை முடித்தவர், கோவை: ஜெர்மனியில் பிஎச்.டி. செய்ய ஆசை. பேராசிரியர்களுக்கு நிறைய மெயில் போட்டும் பதில் இல்லை.

ஒரே மெயிலை எல்லோருக்கும் அனுப்பியிருப்பீர்கள். ஜெர்மனியில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய ஒரு வேலை, விளம்பரம் வரும், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரம் இல்லாதபோது எழுதினால், அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வியும், உங்களால் செய்ய முடிந்த ஒரு வேலையும் எழுதுங்கள். பத்து வரி போதும். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான பணி" என்று தொடங்கும் மெயிலை அங்கே யாரும் இரண்டாவது வரிவரை படிப்பதில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் உதவித்தொகை அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

புவியியல் ஆசிரியர், அரசுப் பள்ளி, சிவகங்கை: வயது 38. வேலையை விடாமல் பிஎச்.டி. செய்யலாமா? இனி கல்லூரிக்குப் போக முடியுமா?

செய்யலாம் டீச்சர். பகுதி நேரப் பிஎச்.டி.யை 2022 விதிமுறை அனுமதிக்கிறது. ஜே.ஆர்.எஃப்.க்குத்தான் வயது வரம்பு தடை, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு உச்ச வயது கிடையாது. சம்பளம் உங்கள் கையில் இருப்பதால் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் குறைந்த ஊதியத்தில் காத்திருப்பவர்களைவிட நீங்கள் நிம்மதியாகவே ஆராய்ச்சி செய்யலாம்.

உங்கள் ஊரிலேயே தலைப்பை வையுங்கள். ஒன்றுக்கொன்று நீர் கொடுக்கும் கண்மாய்த் தொடர்கள் அங்கே நிறைய. எந்த மடை எந்த ஆண்டு அடைபட்டது என்று உங்கள் மாணவர்களின் தாத்தாக்களுக்குத் தெரியும். வெளியூர் ஆய்வாளருக்கு அந்தத் தகவல் எளிதில் கிடைக்காது. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது பணியிடத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அது கைக்கு வர நாளாகும், அதனால் சேர்க்கை அறிவிப்புக்குக் காத்திராமல் இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.