வியன்னா மாநாட்டுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம் ஏப்ரல், மே வாக்கில் ஒரு வாரம் வியன்னாவில் நடக்கிறது. நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்காக நான் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். இந்த ஆண்டு முதல் முறை கிளம்புகிறவர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள், முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் திருநெல்வேலியில் பிஎச்டி செய்கிறேன். என் ஆய்வை மாநாட்டில் ஏற்றுக்கொண்டதாக ஏற்புக் கடிதம் வந்த பிறகு விசா வேலையை ஆரம்பித்தால் போதுமா?

போதாது தம்பி. நம் பிள்ளைகள் கோட்டை விடுவதே இந்த இடத்தில்தான். ஆஸ்திரியா உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். அதற்கும் முன்னால் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து கோடை விடுமுறைக்குப் போகிறவர்களும் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். அதனால் கடிதத்துக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே மற்ற எல்லாவற்றையும் தயார் செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் எடுத்து 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 90 யூரோ கட்டணம். இவையெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலை. முடியாதது கல்லூரியின் தடையில்லாச் சான்று. முதல் தடவை எனக்கு அந்த ஒரு கையெழுத்துக்கே மூன்று வாரம் ஆனது, விமானம் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலைதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம், இன்றைக்கே விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள்.

உதவித்தொகையில்தான் படிக்கிறேன், கணக்கில் பெரிதாகப் பணம் இல்லை. அப்பாவிடம் வாங்கி மூன்று லட்சம் போட்டுவிடலாமா?

திடீரென்று போட்ட பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதாமாதம் உதவித்தொகை வருவது தெரிகிற ஸ்டேட்மென்ட், செலவை யார் ஏற்கிறார்கள் என்று சொல்லும் கடிதம், அப்பா தருகிறார் என்றால் அவருடைய கடிதமும் வருமானச் சான்றும் என்று உள்ளது உள்ளபடி வையுங்கள். படிப்பு முடிய இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று உங்கள் ஆய்வு வழிகாட்டி எழுதித் தருவதும் முக்கியம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம். இன்னொன்று, மாநாட்டை நடத்தும் புவி அறிவியல் ஒன்றியமே இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி தருகிறது. அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம் அனுப்புவதற்கான கடைசித் தேதிக்கு முன்பே அதற்கான தேதி முடிந்துவிடுவதால் பலர் தவறவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் நவம்பரிலேயே பார்த்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறன் அக்கா. வியன்னாவில் ஐந்து நாள், பிறகு பாரிசில் மாமா வீட்டில் நாலு நாள் நிற்கலாமோ?

தாராளமாக. அதிக நாள் தங்குகிற நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் கணக்குப்படி அது ஆஸ்திரியா. பாரிசில் ஆறு நாள் என்று மாற்றினால் பிரான்சிடம் போக வேண்டியிருக்கும். பயணத் திட்டத்தில் மாமா வீட்டையும் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே தங்க மாமா தன் ஊர் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். அதற்கும் நாளாகும், இப்போதே சொல்லி வையுங்கள்.

சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் வழியாக டிக்கெட். அங்கே 1 மணி 10 நிமிடம்தான் இடைவெளி. போதுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஷெங்கன் பகுதிக்குள் முதலில் இறங்கும் இடத்தில்தான் குடிவரவுச் சோதனை, அதாவது உங்களுக்கு வியன்னாவில் இல்லை, பிராங்க்ஃபர்ட்டில். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், முதல் முறை நுழைகிறவர்களுக்கு நேரம் கூடும். இரண்டரை, மூன்று மணி நேரமாவது இருக்கிற டிக்கெட்டாக மாற்றுங்கள். லண்டன் வழியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது.

பொடி, ஊறுகாய், நெய் எல்லாம் கொண்டுபோகலாமா? அம்மா கட்டித் தருகிறேன் என்கிறார்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் சரி. நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது, கறிவேப்பிலையும் கூடாது. துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எந்த மசாலாவிலாவது கசகசா சேர்த்திருக்கிறாரா என்று. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாநாட்டில் உங்கள் ஆய்வை விளக்கத் தொங்கவிடும் போஸ்டரைத் துணியில் அச்சடித்து மடித்து அதையும் கைப்பையிலேயே வையுங்கள். ஒருமுறை என் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, போஸ்டர் என் தோளில் இருந்ததால் தப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவர்கள் முதல் நாள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தண்ணீருக்குக் கவலை வேண்டாம், ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர்தான் குழாயில் வருகிறது.

என் ஆங்கிலம் சுமார்தான். பெரிய பேராசிரியர்களிடம் எப்படிப் போய்ப் பேசுவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆயிரக்கணக்கான பேர் கூடுகிற இடம் அது, நீங்கள் தேடுகிற ஆள் தற்செயலாக எதிரே வந்து நிற்கமாட்டார். அதனால் மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, யாருடைய கட்டுரைகளை நீங்கள் உண்மையிலேயே படித்துப் பயன்படுத்தினீர்களோ அவர்களில் நாலு பேருக்கு நாலு வரி எழுதுங்கள்: உங்கள் இந்த முறையைத் தாமிரபரணிப் படுகையில் பயன்படுத்திப் பார்த்தேன், இந்த இடத்தில் பொருந்தவில்லை, என் போஸ்டர் இந்த நாள், இந்த எண், வந்து பார்க்க முடியுமா என்று. "பொருந்தவில்லை" என்ற சொல்லுக்காகவே வருவார்கள். நான் எழுதிய நாலு பேரில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் முக்கால் மணி நேரம் நின்று என் கிணற்றுத் தரவுகளைப் பார்த்தார். மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. என்ன செய்தேன், என்ன கிடைத்தது, எங்கே சிக்கினேன் என்ற மூன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்ல வீட்டில் சத்தமாகப் பழகுங்கள். வந்தவர் பெயரையும் அவர் கேட்டதையும் அன்று இரவே குறித்து வைத்து, ஊர் திரும்பிய வாரத்திலேயே அவருக்கு எழுதுங்கள்.

கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியை நான். சேலை கட்டலாமா, கோட் சூட் வேண்டுமா?

சேலை அழகாக இருக்கும், கட்டுங்கள். சூட்டுக்காகக் காசு செலவழிக்க வேண்டாம், புவி அறிவியல்காரர்கள் பாதிப் பேர் ஜீன்ஸில்தான் வருவார்கள். அந்தப் பணத்தில் காற்றும் மழையும் தாங்குகிற ஒரு ஜெர்கினும் நல்ல ஷூவும் வாங்குங்கள், ஏப்ரலிலும் காலையில் நன்றாகக் குளிரும்.