12 ரூபாய் ஃபண்டும் 200 ரூபாய் ஃபண்டும்

கேள்வி: நானும் என் மனைவியும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். எனக்கு 38 வயது, அவருக்கு 35. வீட்டுக் கடன் முடியப்போகிறது, அதனால் மாதம் 10,000 ரூபாயை இருபது வருஷத்துக்குக் கை வைக்காமல் போட முடியும். பெரிய கம்பெனிகளில் மட்டும் முதலீடு செய்யும் இண்டெக்ஸ் ஃபண்டு (பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்டு) போதும் என்று முடிவு செய்து, இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழைய நிஃப்டி 50 ஃபண்டு, என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) 200 ரூபாய்க்குப் பக்கம். இன்னொன்று இரண்டு வருஷத்துக்கு முன் வந்த சென்செக்ஸ் ஃபண்டு, என்.ஏ.வி. 12.50 ரூபாய். மதுரையில் இருக்கும் என் மச்சினன், “நிஃப்டி ஃபண்டெல்லாம் ஏறிப் போச்சு மாமா, பன்னண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறதை வாங்குங்க, நிறைய யூனிட் கிடைக்கும்” என்கிறான். கூடவே அந்த ஃபண்டு இண்டெக்ஸையே ஜெயித்துவிட்டதாக ஒரு கிராஃபையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். எதை எடுப்பது, அல்லது ஆளுக்குப் பாதியாக இரண்டிலுமே போட்டுவிடலாமா சார்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் உங்கள் மச்சினனைக் கவனித்துவிடுவோம், ஏனென்றால் இந்த என்.ஏ.வி. விவகாரம் மாதத்துக்கு நான்கு கடிதத்திலாவது வருகிறது. 5,000 ரூபாய் போட்டால் 200 ரூபாய் ஃபண்டில் 25 யூனிட் வரும், 12.50 ரூபாய் ஃபண்டில் 400 யூனிட் வரும். சந்தை 10 சதவிகிதம் ஏறினால் முதலாவது 220 ஆகும், இரண்டாவது 13.75 ஆகும். 25-ஐ 220-ஆல் பெருக்குங்கள், 400-ஐ 13.75-ஆல் பெருக்குங்கள். இரண்டும் 5,500தான். தெற்காவணி மூல வீதியில் ஒரு பவுன் காசு ஒன்று வாங்கினாலும் ஒரு கிராம் காசு எட்டு வாங்கினாலும் வீட்டுக்கு வருகிற தங்கம் எட்டு கிராம்தானே, அதே கணக்குதான் இதுவும். அதிக என்.ஏ.வி. என்றால் அந்த ஃபண்டு வந்து ரொம்ப நாளாகிறது என்று அர்த்தம், விலை ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்தது நிஃப்டியா சென்செக்ஸா என்பது. இதற்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இரண்டும் பங்குச் சந்தைக் குறியீடுகள், அதாவது இண்டெக்ஸ்கள்; சென்செக்ஸில் 30 கம்பெனி, நிஃப்டியில் 50. அந்த முப்பதும் அநேகமாக எப்போதும் இந்த ஐம்பதுக்குள்ளேயே இருக்கும், எப்போதாவது ஒன்றிரண்டு மாறினாலும் கொஞ்ச நாளில் ஒத்துப்போய்விடும். ஜொமேட்டோ 2024 டிசம்பரில் சென்செக்ஸுக்குள் வந்தது, 2025 மார்ச்சில் நிஃப்டிக்குள்ளும் வந்துவிட்டது. இரண்டு குறியீட்டிலும் எடை போடுகிற முறையும் ஒன்றே: புரமோட்டர்கள், அதாவது கம்பெனியின் முதலாளிகள், கையில் இருப்பதை விட்டுவிட்டு, சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை மட்டும் எடுப்பார்கள். அதனால் எச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ் என்று எடை கூடியவை இரண்டிலும் மேலே உட்கார்ந்திருக்கின்றன, சென்செக்ஸில் ஆள் குறைவு என்பதால் அவற்றின் பங்கு இன்னும் சற்று அதிகம். நிஃப்டியில் கூடுதலாக வரும் இருபது கம்பெனிகளும் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன, அவ்வளவுதான். 2020 மார்ச் 23-ஆம் தேதி கொரோனா பயத்தில் சந்தை விழுந்தபோது நிஃப்டியும் 13 சதவிகிதம் போச்சு, சென்செக்ஸும் 13 சதவிகிதம் போச்சு.

அதனால் இரண்டிலும் பாதி பாதி போடுவதை ரிஸ்க்கைப் பிரிப்பது என்று நினைக்காதீர்கள். ஒரே பங்குகளை இரண்டு பெயரில் வாங்கி, இரண்டு ஸ்டேட்மென்டைப் பத்திரப்படுத்துகிறீர்கள். பாதி போடத்தான் வேண்டுமென்றால் ஃபண்டைப் பிரிக்காமல் ஆளைப் பிரியுங்கள்: ஒரே ஃபண்டில் உங்கள் பெயரில் 5,000, உங்கள் மனைவி பெயரில் அவர் சம்பளத்திலிருந்து 5,000. இப்போதைய விதிப்படி ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்கு சார்ந்த முதலீட்டு லாபத்தில், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவிகிதம். இரண்டு பேர் பெயரில் இருந்தால் அந்த 1.25 லட்சம் இரண்டு முறை கிடைக்கும். நாமினியாக ஒருவருக்கொருவர் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் இரண்டு ஃபண்டையும் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? இண்டெக்ஸ் ஃபண்டு மேனேஜருக்கு இருக்கிற வேலை ஒன்றுதான், குறியீடு எவ்வளவு கொடுத்ததோ அதைச் சிந்தாமல் நம்மிடம் சேர்ப்பது. கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். செலவு விகிதம் என்று தினமும் ஒரு துளி கழியும், யூனிட்டை விற்பவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் ரொக்கம் சும்மா வைத்திருக்க வேண்டும், குறியீட்டில் ஒரு கம்பெனி வெளியே போய் இன்னொன்று உள்ளே வரும்போது வாங்கி விற்கும் செலவு வேறு. எல்லாம் சேர்ந்து குறியீட்டை விட எவ்வளவு பின்தங்கியது என்பதைத்தான் டிராக்கிங் டிஃபரன்ஸ் என்கிறார்கள். குறியீடு 14 சதவிகிதம் கொடுத்த வருஷத்தில் ஒரு ஃபண்டு 13.7 கொடுத்து, இன்னொன்று 13.2 கொடுத்திருந்தால், எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வருஷம், மூன்று வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று இந்த எண்ணை ஃபண்டு நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். நிஃப்டி ஃபண்டை நிஃப்டியோடும் சென்செக்ஸ் ஃபண்டை சென்செக்ஸோடும் வைத்து, ஒரே காலத்துக்கு உரிய எண்ணை எடுத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் சென்செக்ஸ் ஃபண்டுக்கு வயது இரண்டுதான் என்பதால் மூன்று வருஷ எண்ணே இருக்காது. இதை நான் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வேன், ஐந்து வருஷம் ஒழுங்காக ஓடிக் காட்டிய ஃபண்டு கண்முன்னே இருக்கும்போது புதுசுக்கு ஏன் போக வேண்டும்?

அந்த வாட்ஸ்அப் கிராஃபுக்கு வருகிறேன். இண்டெக்ஸ் ஃபண்டு எப்படி ஐயா இண்டெக்ஸை ஜெயிக்கும்? டி.வி.யில் ஓடும் சென்செக்ஸ், நிஃப்டி எண்கள் பங்கு விலையை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுபவை, கம்பெனிகள் கொடுக்கும் டிவிடெண்ட் (லாபப் பங்கு) அதில் சேராது. ஃபண்டுக்கோ டிவிடெண்ட் வந்து உள்ளேயே சேர்ந்துவிடும். வருஷத்துக்குச் சுமாராக ஒன்று, ஒன்றேகால் சதவிகிதம் என்று இந்த டிவிடெண்டே ஃபண்டை மேலே தூக்கிக் காட்டும், செலவு அதிகமான சோம்பேறி ஃபண்டைக் கூட! டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ், அதாவது டி.ஆர்.ஐ. என்று ஒன்று இருக்கிறது. ஃபண்டுகள் அதோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று 2018-லேயே செபி சொல்லிவிட்டது. கிராஃபின் அடியில் டி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கிறதா என்று மச்சினனிடம் கேளுங்கள், சண்டை வராதபடி.

அப்புறம், டைரக்ட் பிளானா ரெகுலர் பிளானா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிஃப்டியா சென்செக்ஸா என்பதை விட இதில்தான் காசு இருக்கிறது. ரெகுலர் பிளானில் விநியோகஸ்தரின் கமிஷன் செலவு விகிதத்துக்குள்ளேயே இருக்கும். 2013 ஜனவரியிலிருந்து நேரடியாக வாங்க டைரக்ட் பிளான் உண்டு. ஒரு கணக்குக்காக, மாதம் 10,000 வீதம் இருபது வருஷம், வருஷத்துக்கு 11 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது உறுதியில்லை, வெறும் கணக்கு). கட்டிய 24 லட்சம் சுமார் 86.5 லட்சம் ஆகும். செலவில் 0.6 சதவிகிதம் கூடுதலாகப் போய் 10.4 சதவிகிதமே கிடைத்தால் 80 லட்சம்தான். வித்தியாசம் ஆறரை லட்சம். குறியீட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாங்கும் ஃபண்டுக்கு இவ்வளவு கமிஷன் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு விஷயம், 2008 ஜனவரியில் 6,200-ஐத் தாண்டி நின்ற நிஃப்டி அதே வருஷம் அக்டோபர் கடைசியில் 2,500 பக்கம் வந்தது. அப்படி ஒரு வருஷத்தில் “விற்காதீங்க, எஸ்.ஐ.பி.யை (மாதத் தவணை முதலீட்டை) நிறுத்தாதீங்க” என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் நீங்கள் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள் என்றால், அந்த ஆளுக்குக் கொடுக்கும் கமிஷன் வீண் இல்லை.

என் தேர்வு: அந்த 200 ரூபாய் நிஃப்டி ஃபண்டு, டைரக்ட் பிளான், குரோத் ஆப்ஷன் (லாபத்தை வெளியே கொடுக்காமல் உள்ளேயே சேர்ப்பது). ஐந்து வருஷ டிராக்கிங் டிஃபரன்ஸ் கண்றாவியாக இருந்தால் மட்டும் வேறு நிறுவனத்தின் நிஃப்டி ஃபண்டைப் பாருங்கள், நிஃப்டியில் போட்டி அதிகம் என்பதால் செலவு குறைந்தது கிடைக்கும்.

கேள்வி: நான்கு வருஷமாக ஒரு சென்செக்ஸ் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போய்க்கொண்டிருக்கிறது. நிஃப்டிதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். விற்றுவிட்டு மாறவா?
- வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம்மா. மேலே சொன்னதுதான், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. விற்றால் லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 12.5 சதவிகிதம் வரி, கடைசி ஒரு வருஷத்துக்குள் வாங்கிய யூனிட்களின் லாபத்துக்கு 20 சதவிகிதம். எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் அந்த ஒரு வருஷம் தனித்தனியாக எண்ணப்படும், இது பலருக்கும் விற்ற பிறகுதான் தெரிகிறது. உங்கள் ஃபண்டின் செலவு விகிதம் ரொம்ப அதிகமாக இருந்தால் பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதுத் தவணையை மட்டும் வேறு ஃபண்டுக்குத் திருப்புங்கள்.

கேள்வி: நிஃப்டி 50-ஐ விட நிஃப்டி நெக்ஸ்ட் 50 அதிக லாபம் தருமாமே? அதுவும் லார்ஜ் கேப்தானே?
- வாசகர், செல்லூர்

பதில்: லார்ஜ் கேப்தான். சந்தை மதிப்பில் முதல் நூறு கம்பெனிகளை லார்ஜ் கேப் என்று செபி வகுத்திருக்கிறது, நிஃப்டி 50-க்கு அடுத்த படியில் இருக்கும் ஐம்பதுதான் நெக்ஸ்ட் 50. வளர்ந்து நிஃப்டிக்குப் போகப் போகிறவையும் அங்கே உண்டு, நிஃப்டியிலிருந்து இறங்கி வந்தவையும் உண்டு. ஏறும்போது வேகமாக ஏறும், இறங்கும்போது வயிற்றைக் கலக்கும். நிஃப்டி ஃபண்டில் ஐந்து பங்கு போட்டால் இதில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம் என்பேன்.

கேள்வி: ஏலச் சீட்டு எடுத்த 4 லட்சம் கையில் இருக்கிறது. மகளுக்கு இரண்டு வருஷத்தில் காலேஜ். அதுவரை நிஃப்டி ஃபண்டில் போட்டு வைக்கலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: கூடவே கூடாது. ஃபீஸ் கட்டும் நேரத்தில் சந்தை 2020 மார்ச் மாதிரி கிடந்தால் என்ன செய்வீர்கள்? வங்கியிலோ தபால் நிலையத்திலோ டெபாசிட்டில் போட்டு, காலேஜ் சேரும் மாதத்துக்கு முன்னால் முதிர்வடைகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு இன்னும் தவணை பாக்கி இருந்தால் அதைக் கட்டி முடியுங்கள், முடிந்த பிறகு மாதாமாதம் மிச்சமாகும் அந்தத் தொகையில் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கலாம்.