பழைய பைக்கில் ஆயில் ஒழுகல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1992 மாடல் புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின். நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்டுகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை டைமிங் கவர் பேக்கிங் மாற்றியாகிவிட்டது. பத்து நாள் ஓட்டாமல் விட்டால் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது. ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் புகையோடு வெளியே கக்குகிறது. புல்லட் என்றாலே ஒழுகத்தான் செய்யும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், தேனி

பதில்: உண்மையில்லை. சரியாகப் பொருத்திய காஸ்ட் அயர்ன் புல்லட் காலையில் தரையில் ஒரு பொட்டுகூட வைக்காது. உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன.

முதலில் மட்டம் குறைவது. இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனி அறை. கிராங்க் சுற்றும் அறை தனி. பம்ப்பின் வட்டத் தகடு தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது டேங்கில் உள்ள ஆயில் மெல்ல கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். ஆயில் மட்டம் பார்க்கும் ஸ்டிக் குறைவாகக் காட்டும், ஆனால் ஆயில் எங்கும் போகவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் அரை லிட்டர் ஊற்றினால் அது முழுக்க உபரி. ஸ்டார்ட் செய்ததும் பம்ப் பழைய ஆயிலை டேங்குக்குத் திருப்பி அனுப்ப, இடமில்லாமல், காற்று வெளியேறும் குழாயான பிரீதர் வழியே கக்குகிறது. எனவே ஐந்து பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்திய உடனே ஸ்டிக் பாருங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் பம்ப் தகட்டையும் அது உட்காரும் முகத்தையும் நைஸ் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்கும் முன் கிராங்க் அறையின் டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்து, வடித்ததை டேங்கில் ஊற்றிக்கொள்வது அதுவரைக்கும் போதும்.

இரண்டாவது தடயம், புதிய பேக்கிங்கும் ஒழுகுவது. பேக்கிங் வாங்கும் முன் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் அறைக் காற்று வெளியேற வேண்டும். மேலே ஏறும்போது உள்ளே வரக்கூடாது. இதற்காக வாத்தின் அலகு போன்ற சின்ன ரப்பர் வால்வு இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது கல்லாகிவிடும், அல்லது பைப் அழுக்கில் அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் சேர்ந்தால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது. பலவீனமான இணைப்பைத் தேடி ஆயில் வெளியே வரும். ஐடிலிங்கில் பைப்பின் வாயில் விரல் வைத்துப் பாருங்கள். புஸ் புஸ் என்று வெளியே மட்டும் தள்ள வேண்டும். விரலை உள்ளே இழுத்தால் வால்வு போய்விட்டது. வால்வு சரியாக இருந்தும் காற்று பலமாகத் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) தேய்மானம். அதை விட்டுவிட்டுப் பேக்கிங் மாற்றுவது வீண் செலவு.

இதற்குப் பிறகுதான் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும். கார்ப்பரேட்டர் வாயையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு எஞ்சினைத் துடைத்து, கழுவி, நன்கு காயவிடுங்கள். முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்படும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஈரமானதில் எது மேலே, எது முன்னே என்று பாருங்கள். அதுதான் ஒழுகும் வாய்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது டாபெட் கவர். போரின் வலப்பக்கம் ஒரே நட்டில் நிற்கும் தகடு அது. அங்கே கசியும் ஆயில் நேராக டைமிங் கவர் மேல் இறங்கி, அதன் விளிம்பைச் சுற்றி வந்து சொட்டும். பார்ப்பவர் டைமிங் கவரைத்தான் குற்றம் சொல்வார். ஒழுகுகிறதே என்று அந்த நட்டை மேலும் மேலும் முறுக்க, தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். தகட்டைக் கழற்றி, தடித்த கண்ணாடியின் மேல் 400 நம்பர் எமரி ஷீட் விரித்து, எட்டு போடுவதுபோலத் தேயுங்கள். ஓரம் முழுவதும் ஒரே மாதிரி வெள்ளையாகும் வரை தேய்க்க வேண்டும். எங்காவது கறுப்புத் திட்டு மிஞ்சினால் அது இன்னும் பள்ளம். பிறகு புதுப் பேக்கிங் வைத்து அளவாக முறுக்குங்கள்.

டைமிங் கவரை இரண்டு முறை கழற்றியிருப்பதால் ஓர் எச்சரிக்கை. கவரிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் முனைக்கு ஆயில் செல்லும் வழியில் ஒரு சின்ன சீல் உண்டு. கவரைத் திறக்கும்போதெல்லாம் அதையும் புதிதாகப் போட வேண்டும். அது விட்டுப்போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உள்ளே பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) ஆயில் இல்லாமல் வெந்துவிடும். மாற்றினார்களா என்று அவசியம் கேளுங்கள். இணைப்பை அடைக்கும் பசையான அனபாண்ட் பூசியிருந்தால் அதையும் பாருங்கள். மெல்லிய படலம் போதும். விளிம்பில் வெளியே பிதுங்கி நிற்கிறது என்றால் அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயில் துளையை அடைக்கும்.

இடப்பக்கம் சொட்டினால் அது எஞ்சின் ஆயிலே அல்ல; பிரைமரி செயின் கவர் ஆயில். அதன் அளவு 420 மி.லி.தான். லெவல் ஸ்க்ரூவைத் திறந்து அதற்கு மேல் இருப்பதை வடிய விடுங்கள். ஊற்றாமலேயே மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் கிராங்க் சீல் வழியே எஞ்சின் ஆயில் அங்கே போகிறது.

கேள்வி: 2003 ஸ்ப்ளெண்டர். இடப்பக்கம் செயின் ஸ்பிராக்கெட் அருகே ஆயில். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
— வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: உடனே பிரிக்க வேண்டாம். முதலில் செயினுக்குப் போட்ட ஆயிலா என்று சுத்தம் செய்து பாருங்கள். உண்மையிலேயே கசிவுதான் என்றால், கவரைக் கழற்றி, ஸ்பிராக்கெட்டை எடுத்து, ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லை என்றால் சீல் மட்டும்தான், வெளியிலிருந்தே மாற்றலாம். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, மெக்கானிக் சொல்வது சரி.

பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக்கூடாது. சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். கடையில் மாடல் பெயரோடு அதையும் காட்டி வாங்குங்கள். ஷாஃப்ட்டின் பற்களில் இன்சுலேஷன் டேப் சுற்றி, சீலின் உள் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்கும்படி நேராக அழுத்துங்கள். பழைய உதடு ஷாஃப்ட்டில் வளையமாகத் தடம் போட்டிருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்துங்கள். உதடு புது இடத்தில் உட்காரும். செயின் 20 முதல் 30 மி.மீ. வரை தளர்வாக இருக்கட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய செயின்தான் பேரிங்கையும் சீலையும் கொல்கிறது.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகு டிரெயின் போல்ட்டில் சொட்டுகிறது. எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை.
— வாசகர், பண்ருட்டி

பதில்: முறுக்குவதை உடனே நிறுத்துங்கள். போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம். தோற்பது எப்போதும் அலுமினியம்தான். ஆயிலை வடித்து, வாஷரை மாற்றுங்கள். நசுங்கித்தான் அது அடைக்கிறது, ஒரு முறை நசுங்கியது மறுமுறை உதவாது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். முறுக்கும்போது வழுக்கிக்கொண்டே போனால் மரை போய்விட்டது. லேத்தில் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள். அதற்காக மரை வெட்டும் டேப் அடிக்கும்போது அதன் பற்களில் கிரீஸ் அப்பச் சொல்லுங்கள், தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் ஆயில் ஊற்றி அலசி வடித்த பிறகே போல்ட்டைப் போட வேண்டும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100. கீழே சொட்டே இல்லை, ஆனால் கியர் பாக்ஸ் ஆயில் குறைகிறது. வெள்ளைப் புகை.
— வாசகர், காரைக்கால்

பதில்: கிளட்ச் பக்க கிராங்க் சீல். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அந்த வழியே கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சந்தேகமே இல்லை. மேக்னட் பக்க சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அது போனால் ஆயில் வராது, காற்று உள்ளே போகும். திராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதுவரை வண்டியைத் தொலைதூரம் எடுக்காதீர்கள். சைலன்சர் இணைப்பில் கறுப்பாக வழிவது பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டிய 2டி ஆயில், எரியாமல் மிஞ்சியது. அதற்கு இணைப்பின் பேக்கிங்கை மாற்றினால் போதும்.