நாலரை மணி முதல் ஒன்பதரை மணி வரை

கேள்வி: அவிநாசி வட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு 56 வயது. கணவர் காலமாகிவிட்டார், மகன் பெங்களூரில் இருக்கிறான். மாமியார் காலத்து ஓட்டு வீடு ஒன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் ஐந்து பெண்கள் வாராவாரம் சேர்த்துவந்த பணம் 3 லட்சம் ஆகியிருக்கிறது. இதை வைத்து ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்க ஆசை. எங்கள் தோட்டத்தை ஒட்டி, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை லைன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "ரெண்டு பிள்ளைகளையும் நீங்களே வெச்சுக்கோங்கக்கா, நான் வாரம் ஒருக்கா வந்து பாத்துக்கறனுங்க" என்று அழுகிறாள். மூத்தவளுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறாள். சின்னவளுக்கு 9. மூத்தவளை மில்லுக்கு அனுப்பினால் மூன்று வருடத்தில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் வரும் என்று ஒரு புரோக்கர் வேறு வந்து பேசிவிட்டுப் போகிறார். அதே வரிசையில் ஓர் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), அப்பா அம்மா இருவரையும் இழந்த பேரனை வைத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிறார். என் கொழுந்தனாரோ, "ஊர் வம்பு நமக்கெதுக்கு, யார் யாரோ வீட்டுக்குள்ள வருவாங்க" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தப் பெண் சொன்ன வார்த்தைதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "வாரம் ஒருக்கா வந்து பாத்துக்கறனுங்க." வாரத்தில் அவளுக்கு லீவு என்று இருப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்து கேட்கிறாள். பிள்ளைகளை விட்டுவிட நினைக்கிற தாய் இல்லை அவள். வேறு வழி தெரியாத தாய்.

அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இல்லம் வேண்டாம், அக்கா. வீட்டை மட்டும் திறந்து வையுங்கள். இரவு பிள்ளைகள் அவர்கள் அம்மா பக்கத்திலேயே படுக்கட்டும்.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று உங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். வேன் நாலைந்து ஊர் சுற்றி இறக்கிவிடும்போது மணி ஒன்பதே கால், ஒன்பதரை ஆகிவிடும். பிள்ளைகளோ பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் ஐந்து மணி நேரம் பத்துக்குப் பத்து அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, முன்னால் போகிற வருகிற ஆட்கள். சோறு போட முடியாமல் அவள் பிள்ளைகளை உங்களிடம் தரவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்துத்தான் தருகிறாள். வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிற எந்தத் தாய்க்கும் இந்தப் பயம் இருக்கும், நியாயமான பயம்தான்.

என் பெரியம்மா மகள் ஒருத்தியை, பெரியப்பா இறந்த பிறகு ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நல்ல மனிதர்கள் நடத்திய இடம்தான். சாப்பாடு, துணி, படிப்பு எதிலும் குறை வைக்கவில்லை. பெரியம்மா இருந்தது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, தறிக் குடோனில் வேலை. முதலில் வாரம் ஒருமுறை போனார், அப்புறம் மாதம் ஒருமுறை, அப்புறம் நோம்பி, பண்டிகைக்கு மட்டும். ஏழு வருடம் கழித்து அவள் திரும்பி வந்தபோது அம்மாவை "வாங்க, போங்க" என்று பேசினாள். எங்கள் பக்கத்தில் அது மரியாதைதான், ஆனால் அவள் பேசியது விருந்தாளியிடம் பேசுவதுபோல இருந்தது. அன்றைக்கு அந்த இல்லத்துக்கு ஆன செலவில் பாதியைப் பெரியம்மாவிடம் கொடுத்திருந்தால்கூட அவள் வீட்டிலேயே வளர்ந்திருப்பாள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பதை வேறு எந்த வழியும் இல்லாதபோது எடுக்கிற கடைசி முடிவாகத்தான் வைத்திருக்கிறது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். எந்தக் குழந்தையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வழியாகத்தான் இல்லத்துக்கு வர வேண்டும். பெண்களும் குழந்தைகளும் தங்குகிற விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இல்லத்தாய், பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர், இரவுக் காவல் என்று ஆள் போட்டால் உங்கள் 3 லட்சம் சில மாதங்களில் கரைந்துவிடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல மனசோடு தொடங்கிப் பாதியில் மூடிய இடங்களிலிருந்து பிள்ளைகள் இன்னொரு முறை இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கு இரண்டாவது அடி.

சரி, வீட்டை எப்படித் திறப்பது? நாலரை மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், கடைசிப் பிள்ளையை அதன் அம்மா கூட்டிப்போகும் வரை திறந்தே இருக்க வேண்டும். வந்ததும் ஒரு கிண்ணம் அவித்த தட்டைப்பயறோ கடலையோ கொடுங்கள். ஏழரைக்குச் சூடாக அரிசிம்பருப்பு, ஒரு ஸ்பூன் நெய். நடுவில் பாடம், விளையாட்டு, சும்மா இருப்பது. சும்மா இருப்பதையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படித் தொடங்குகிறவர்கள் எல்லோரும் டியூஷனாக மாற்றிவிடுகிறார்கள். சமையலுக்கு அந்த லைன் வீட்டுப் பெண் ஒருத்தியையே சம்பளத்துக்கு வையுங்கள். பாடத்துக்கு ஊரில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற ஒரு பெண் கிடைப்பாள். அவளுக்கும் சம்பளம் கொடுங்கள், சேவை என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். டிரஸ்ட், ரசீது, வரிவிலக்கெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். கணக்கு நோட்டு மட்டும் முதல் நாளிலிருந்து இருக்கட்டும், ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

பாதுகாப்பில் கொஞ்சமும் தளர்வு வேண்டாம். எந்நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது. உதவிக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும் இதுதான். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்புறம், தட்டோடு நிற்க வைத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற வழக்கம் வேண்டவே வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, தன் வீட்டுக் கஷ்டம் பக்கத்து பெஞ்சின் போனில் இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

உங்கள் கொழுந்தனார் சொன்ன "யார் யாரோ" எனக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரிந்திருக்கும். அந்த லைன் வீடுகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். சிலர் உள்ளே, சிலர் திண்ணையோடு என்று ஒருநாள் நடந்தாலும் அந்த வீட்டைத் திறக்காமலே இருந்திருக்கலாம். ஒரே பாய், ஒரே தட்டு, ஒரே டம்ளர். நம் பக்கத்து ஊர்களில் இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது, வருத்தமாக இருக்கிறது. ஐந்து பேரும் முதலில் இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கொழுந்தனாரை வீட்டுக்கு ஒரு சாயங்காலம் கூப்பிட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பரிமாறச் சொல்லுங்கள். மனசு மாறுவார் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் கூப்பிடுங்கள்.

அடுத்து அந்த 15 வயதுப் பெண். இதில் அவசரம் இருக்கிறது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் மொத்தமாகக் கல்யாணப் பணம் என்பது பழைய சுமங்கலித் திட்டம்தான், இப்போது வேறு வேறு பெயரில் வருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு வறட்சியான மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித்தான் கொண்டுவரப்பட்டார்கள். மொத்தத் தொகை என்பது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் சம்பளத்திலிருந்தே பிடித்து வைத்த பணம். உடம்பு முடியாமல் இடையில் வந்துவிட்டால் அதுவும் கைக்கு வராமல் போனவர்கள் நிறைய. விடுதியை விட்டு வெளியே போக முடியாது, போனில் பேசவும் அனுமதி கேட்க வேண்டும். பஞ்சுத் தூசியில் இருமல், மூச்சுத் திணறல், மாதவிலக்குக் கோளாறோடு திரும்பியவர்களை உங்கள் ஊரைச் சுற்றியே பார்க்கலாம்.

அந்தத் தாயிடம் இதை எடுத்துச் சொல்லும்போது, "படிக்க வை" என்று மட்டும் சொன்னால் போதாது. கணக்கைக் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கிடைக்கிற வேலையும் சம்பளமும் வேறு. புரோக்கர் மறுபடியும் வந்தால் அவர் பெயர், எந்த மில், வண்டி எண் எல்லாம் குறித்துவைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

அமுச்சிக்கும் பேரனுக்கும் அரசுப் பணம் கிடைக்க வழி இருக்கிறது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போகிற அமுச்சி இதற்குள்தான் வருவார். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025-இல் வந்தது, மாதம் 2,000 ரூபாய். எது பொருந்தும் என்று மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். இங்கேதான் அமுச்சி மாதிரி ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நின்று, "நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி போகமாட்டார்கள். நீங்கள் ஐந்து பேரில் ஒருவர் கூடப் போய், அன்றைய கூலியையும் கொடுங்கள். 3 லட்சத்தில் மிகப் பயனுள்ள செலவு இதுவாகத்தான் இருக்கும்.

கைவிடப்பட்ட தாயின் குழந்தைகளும் வாத்சல்யாவில் உண்டு. ஆனால் ஒன்றரை ஷிப்ட் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்று நினைக்கிறேன். அவளுக்கு வேறு வழி: ஓடிப்போன கணவனிடமிருந்து பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கேட்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100. அவன் திரும்பி வந்து அடித்தால் பெண்கள் உதவி எண் 181. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவும். ஒரு தாய் தனியாகக் கேட்டால் வேலை போகும், அதனால் நீங்கள் போய் முதலாளி வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள். உங்கள் பக்கத்தில் யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. வீடு திறந்து சில மாதத்தில் ஏதாவது ஒரு குழந்தை, யாரோ தன்னைத் தொட்டதை உங்களிடம் சொல்லக்கூடும். நம்பிக்கை வந்தால்தான் குழந்தைகள் சொல்வார்கள். அப்போது துருவித் துருவிக் கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்லிவிட்டு 1098-க்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க வருகிற காவலர் சீருடையில் வரக் கூடாது, குழந்தை விரும்புகிற இடத்திலேயே கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்று வருவார்கள், மானம் மரியாதை என்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் அந்தக் குழந்தை பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். இது உங்களால் முடியுமா என்று ஐந்து பேரும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள். அவளை உங்கள் தோட்டத்துக்கு வரச்சொல்லாதீர்கள். "பிள்ளைகள் உன்கூடவே இருக்கட்டும், நீ வர்ற வரைக்கும் நாங்க பாத்துக்கறோம், இது உனக்குச் சரிப்படுமா?" என்று கேளுங்கள். சமையலுக்கு யார், எத்தனை மணிக்கு, பெரியவள் படிக்கத் தனி இடம் வேண்டுமா என்பதெல்லாம் அவளும் அந்தப் பெண்ணும் சொல்லட்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஓட்டு வீட்டில் கரண்ட் இணைப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதை முதலில் பாருங்கள்.

வாத்சல்யா விண்ணப்பம் எந்த மேசையிலாவது நின்றுபோனால் எனக்கு எழுதுங்கள்.