டேலில்லி: இலை செழிப்பாக இருக்கிறது, பூத்தண்டுதான் வரவில்லை

ஐந்து வருடமாக ஒரே இடத்தில் இருக்கிற டேலில்லி, இலை அடர்ந்து கிடக்கிறது, பூத்தண்டே வரவில்லை, மாதாமாதம் யூரியா போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த யூரியாவை நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நெரிசல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடாவிட்டால் இது பூப்பதைக் குறைத்துவிடும். பூக்காலம் முடிந்ததும், கடும் வெயில் இல்லாத நாளாகப் பார்த்து, முழுக் கொத்தையும் வேரோடு கிளப்பி மண் போகக் கழுவுங்கள், அப்போது விசிறி போல விரிந்த இலைக்கொத்துகள் ஒவ்வொன்றும் தன் பருத்த வேர்களோடு தனியாகத் தெரியும், மெல்ல ஆட்டினால் பாதி தானாகவே பிரிந்து வரும், வராததைக் கத்தியால் வெட்டுங்கள். இரண்டு மூன்று விசிறி சேர்ந்தது ஒரு நாற்று. இலையை 15 செ.மீ. அளவுக்கு நறுக்கிவிட்டு 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள்.

நடும் ஆழத்தில் மட்டும் கவனம் தேவை. இலையும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்குக் கீழே 2-3 செ.மீ. போதும், ஆழமாகப் புதைத்தால் பூ குறையும், அழுகவும் செய்யும். இடத்தில் குறைந்தது 6 மணி நேரம் வெயில் விழ வேண்டும், மர நிழல் வேண்டவே வேண்டாம்.

பிரித்த முதல் வருடம் பூ கொஞ்சமாகத்தான் வரும், பயப்படாதீர்கள். அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் வெட்டிய இலைகளை உடனே அகற்றிவிடுங்கள், அதைத் தின்றால் பூனையின் சிறுநீரகமே செயலிழந்துவிடும்.